இடக்காது

விடிய நாலே முக்காலுக்கு
ஆடைத் தொழிற்சாலை பஸ்
விசுவமடுச் சந்தியில் நிற்கும்.
நிற்கும் என்பது மரியாதைக்கு.
வேகம் குறையும், நாங்கள் பாய்ந்து ஏறவேண்டும்.

டிலக்சனா உடையார்கட்டிலேயே ஏறிவிடுகிறவள்.
இடப்பக்க யன்னல் அவளுடையது.
பக்கத்துச் சீற்றில் அவளது சாப்பாட்டுப் பை
எனக்காக இருந்து வரும்.

பையைத் தூக்கி மடியில் வைப்பாள்.
தூசி இல்லாவிட்டாலும் வயரை ஊதுவாள்.
ஒன்றைத் தன் காதில் வைத்து
மற்றதை என் இடக்காதில் தானே செருகுவாள்,
தங்கைக்குத் தோடு போட்டுவிடுகிறவள் போல.

"கேக்குதே?"
"ஓம்."

அந்தக் காது கேட்காது.
ஆறு வயதில்
தண்ணீர்ப் போத்தலை எடுக்கவென்று
பங்கருக்கு வெளியே வந்த நேரம்
மூடிக்கொண்டது. பிறகு திறக்கவில்லை.
வேலைப் படிவத்தில் நான் அதை எழுதவில்லை.
அவளிடம் சொல்வதற்கு
ஒரு முதல்நாள் இருந்தது, தவறவிட்டேன்.
இரண்டாம் நாள் சொன்னால்
முதல்நாள் "ஓம்" பொய்யாகிவிடும்.
அப்படியே மூன்று மாதம்.

பாட்டை நான் வேறு இடங்களில் கேட்டேன்.
அவளது செருப்பு நுனியில்,
முன்சீற்றுக் கம்பியைத் தட்டும் மோதிர விரலில்.
தருமபுரம் தாண்ட
அவள் கண்ணை மூடுகிற இடம் ஒன்று உண்டு,
அங்கே யாரோ யாரையோ பிரிகிறார்கள் என்று வைத்துக்கொண்டேன்.
பரந்தனில் பஸ் திரும்புகையில்
அவளது தோள் இரண்டு தரம் குலுங்கும்.
மேளமாயிருக்கலாம்.
ரோட்டுப் பள்ளமாகவும் இருக்கலாம்.
இப்படி ஒட்டுப்போட்டுத் தைத்த பாட்டு
என்னிடம் ஒன்று இருந்தது.
மெசினில் கொலர் வைக்கும்போது
அதைத்தான் முணுமுணுத்தேன்.
"நல்ல சந்தோசம் போல" என்றான் சுப்பர்வைசர்.

போன கிழமை அவளுக்குக் காய்ச்சல்.
வைபரில் பாட்டு வந்தது. கீழே,
"தனியப் போறாய், கேட்டுக்கொண்டு போ."
கிளிநொச்சி பஸ் நிலையத்தடியில்
நானூறு ரூபாவுக்கு வயர் வாங்கினேன்.

இரவு, நுளம்பு வலைக்குள்,
வலக்காதில் முதலில் அவளுடைய பாதியை வைத்தேன்.
ஒரு ஆண் குரல்.
நான் நினைத்திருந்ததைவிட மெதுவாகப் போனது.
கண்ணை மூடுகிற இடத்தில்
ஒருவரும் பிரியவில்லை,
அந்த ஆள் மூச்சு எடுக்கிறார், அவ்வளவுதான்.

பிறகு என்னுடைய பாதியை
அதே காதுக்கு மாற்றினேன்.

வயலின்.
சொல் இல்லாத இடமெல்லாம் வயலின்.
தூரத்தில் ஒரு பெண்,
வாய் திறக்காமல்.

இதையா மூன்று மாதமாக
எனக்குள் ஊற்றிக்கொண்டு வந்தாள்?
எங்கே போய்த் தேங்கிக் கிடக்கிறது இவ்வளவும்?
இடக்காதைத் தொட்டுப் பார்த்தேன்,
பிறத்தியாருடைய காதைத் தொடுவது போல.
கொஞ்சம் சூடாயிருந்தது.

திங்கட்கிழமை அவள் பையைத் தூக்கினாள்.
"அரக்கு. இண்டைக்கு யன்னல் எனக்கு."
"காத்து முழுக்க உனக்கோ" என்று புறுபுறுத்தபடி
என் வலப்பக்கம் வந்து இருந்தாள்.
வயரை ஊதினாள்.
"எனக்கு வயலின் பக்கத்தைத் தா" என்றேன்.
"வயலினோ? விசரே உனக்கு,
இந்தப் பாட்டில எங்கையடி வயலின்?"

மூன்று தம்பிமாருக்கு நடுவில் ஒரு போன்.
அவளும் பாட்டுக் கேட்கிறது
இந்த பஸ்சில் மட்டுந்தான்.

நான் என்னுடையதைக் கழற்றி
அவள் காதில் செருகினேன்.
தட்டிக்கொண்டிருந்த செருப்பு நின்றது.
தருமபுரம் போனது,
அவள் கண்ணை மூடவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சொன்னேன்,
"எனக்கு இந்தக் காது கேக்காது."
அவளுக்கும் கேட்கவில்லை.

பரந்தனில் பஸ் திரும்பியது.
இரண்டு பேரின் தோளும் இரண்டு தரம் குலுங்கின.
பள்ளந்தான்.